மாளய பட்சத்தில் வந்த ஆர்டர்

"பௌதி, இந்த ஊர்ல வருஷம்னா ரெண்டே துண்டுதான். துர்க்கா பூஜைக்கு முன்னாடி ஒண்ணு, பூஜைக்குப் பின்னாடி ஒண்ணு. முன்னாடி கேட்டா வேலை நடக்கும். பின்னாடி கேட்டா 'பார்க்கலாம்' நடக்கும்."

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் திதி வங்காளியில் இதைச் சொன்னபோது நான் சிரித்துவிட்டு, மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். நல்ல பேச்சு எங்கே காதில் விழுந்தாலும் விடுகிறதில்லை. பள்ளிக்கூடம் எனக்கு எட்டாம் வகுப்போடு சரி. மீதியைக் காய்காரரிடமும் பஸ் கண்டக்டரிடமும் இந்தத் திதியிடமும் கேட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வங்காளியும் அப்படி வந்ததுதான். அவள் என்னை பௌதி என்பாள், அதாவது மதினி. நான் அவளைத் திதி என்பேன், அக்கா. இரண்டு சமையலறைக்கும் நடுவில் ஒரு சுவர். சுவரில் ஒரு ஜன்னல். உலக விஷயமெல்லாம் அந்த ஜன்னல் வழியாகத்தான் எனக்கு வந்து சேரும்.

நாங்கள் கார்டன் ரீச்சில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். என் வீட்டுக்காரர் தலைமை அலுவலகத்தில் கிளார்க். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. மாமனாரும் மாமியாரும் அடுத்தடுத்துப் போய்விட்டதால் அவருடைய தங்கையை எங்களோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். பவானிபூரில் ஒரு கல்லூரியில் சேர்த்தோம். கெமிஸ்ட்ரி எடுத்துப் படித்தாள். அவளை வீட்டில் எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். நெடுநெடுவென்று வளர்ந்த பிறகும் பாப்பாதான்.

அந்தக் காலத்துக் கல்கத்தாவில் பரீட்சை எழுதுவது சுலபம், ரிசல்ட் வருவதுதான் கஷ்டம். எழுதி முடித்துவிட்டு மாசக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்புறம் எம்.எஸ்ஸி. அட்மிஷனுக்கு இன்னும் மாசக்கணக்கு. பாப்பாவும் அப்படி உட்கார்ந்திருந்தாள். சும்மா இருக்கிற பெண்ணைப் பார்த்தால் சொந்தக்காரர்களுக்குத் தாங்காது. பாளையங்கோட்டையிலிருந்து சின்ன மாமனார், என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா, கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டார். தை பிறந்ததும் கல்யாணத்தைப் பேசி முடித்துவிட வேண்டும் என்றார்.

என் வீட்டுக்காரர் நல்ல மனுஷர். ஆனால் பெரியவர்கள் பேச்சைத் தட்டத் தெரியாது. ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து தங்கையிடம் சொன்னார்:

"பாப்பா, நான் ஒண்ணு சொல்லுதேன். தைக்குள்ள உனக்குன்னு ஒரு இடம் கெடச்சிட்டுன்னு வையி, சித்தப்பாகிட்ட நான் பேசுதேன். வெறும் கைய வச்சிக்கிட்டு என்னால பேச முடியாது."

"என்ன இடம்ணே?"

"என்னமும் ஒரு இடம். ஆர்டர் இருக்கணும். அவ்ளோதான்."

அன்றிலிருந்து அவள் தினமும் பவானிபூருக்குப் பஸ் ஏற ஆரம்பித்தாள். படிப்பு முடிந்தபிறகும் கல்லூரி நோட்டீஸ் போர்டைப் பார்க்கப் போவாள். மெட்ரோ வேலைக்காக அந்த ரோடு முழுக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பஸ் ஒரு நாள் ஒரு வழியில் போகும், மறுநாள் வேறு வழியில் போகும். பலகை போட்ட பள்ளங்களைத் தாண்டி, புடவைக் கரையெல்லாம் சேறாகத்தான் வீடு வந்து சேருவாள். "மைனி, இன்னைக்கு போர்டுல ஒரு குடை காணோம்னு மட்டும்தான் போட்டிருந்தது" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

ஒரு நாள் அவளுடைய கெமிஸ்ட்ரி மிஸ் அவளை வராண்டாவில் நிறுத்தி, கல்கத்தாவுக்குள்ளேயே தெற்கே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் படிப்பு முடித்த மாணவர்களைப் பயிற்சிக்கு எடுக்கிறார்கள், ஒரு கல்லூரிக்கு ஒருவர்தான், உன் பேரை எழுதப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஃபெலோஷிப் என்று பேர். இரண்டு வருஷம் அங்கே இருந்து கற்றுக்கொள்ளலாம், மாசம் ஏதோ கையில் கொடுப்பார்கள், அப்புறம் எம்.எஸ்ஸி.க்கும் அதைக் காட்டலாம்.

இதை ஜன்னலில் திதியிடம் சொன்னேன். "படிக்கிறவளுக்கு அவங்களே காசு குடுக்கறாங்களா?" என்று நான் ஆச்சரியப்பட, "எங்க வீட்டுல ஒருத்தர் படிச்சு முடிச்சுட்டு ரொம்ப வருஷமா சும்மா இருக்கார், அவரையும் எடுத்துப்பாங்களான்னு கேளு" என்றாள் அவள். திதியின் புருஷன் வேலை பார்த்த மில் கதவடைத்துக் கிடந்தது. அவர் உள்ளே இருந்து, "கேக்குது, கேக்குது" என்று குரல் கொடுத்தார்.

பாப்பாவை நேரில் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அங்கே பெரியவர் ஒரு பேராசிரியர். ஒரு குடுவையைக் கையில் கொடுத்து, "இதைக் கழுவு" என்றாராம். கழுவினாளாம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பாஸ்" என்றாராம். அப்புறம்தான் பாடத்தில் கேள்வி கேட்டாராம். அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் இருக்கிற டம்ளரையெல்லாம் அவள் கழுவி வரிசையாகக் கவிழ்த்து வைத்தாள். என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றாக விளக்கடியில் பிடித்து, "பாஸ், பாஸ், இது ஃபெயில்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்படி அவர் விளையாடி நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆர்டர் வந்தது புரட்டாசியில். முத்திரை போட்ட நீளக் கவர். உடனே வந்து சேரவும் என்று இங்கிலீஷில் இருந்தது. பாப்பா வாசித்துக் காட்டினாள், நான் கையெடுத்துக் கும்பிட்டேன், அவர் எழுந்துபோய்ச் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தார். அங்கேயே நின்றார்.

"பட்சம் பொறந்து நாலு நாள் ஆயிட்டே" என்றார்.

மாளய பட்சத்தில் எங்கள் வீட்டில் நல்ல காரியம் எதுவும் ஆரம்பிக்க மாட்டோம். புதுத் துணி கிடையாது, புதுப் பாத்திரம் கிடையாது, ஒரு விளக்குமாறுகூட வாங்க மாட்டோம். செத்துப்போனவர்கள் வந்து வாசலில் நிற்கிற நாட்கள் அவை. அதிலும் மாமனாருடைய சிரார்த்தத் திதி அந்தப் பட்சத்துக்குள்ளேயே வந்தது. அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிற நாளில் மகளைப் புது இடத்துக்கு எப்படி அனுப்புவது? அவர் முகத்தைப் பார்த்தால் அது வீம்பு இல்லை, பயம் என்று எனக்குத் தெரிந்தது. ஒரு தடவை அவருக்கு வந்த மாற்றலில் பட்சம் பார்க்காமல் சாமான் ஏற்றினோம். அந்த வருஷம்தான் மாமியார் போனார்கள். அதை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"அண்ணே, உடனேன்னு போட்டிருக்கு."

"பாப்பா, எல்லா ஆர்டர்லயும் உடனேன்னுதான் போடுவாவ. நான் தெனமும் அதைத்தானே டைப் அடிக்கேன்? மாத்தல் ஆர்டர் வந்தா மறுநாளே எவனும் போய் நிக்க மாட்டான். ஜாயினிங் டைம்னு ஒண்ணு உண்டு. அது ரூல். அமாவாசை கழியட்டும், நவராத்திரி பொறந்துரும். அம்பாள் நாளு. ஜாம் ஜாம்னு போய்ச் சேரலாம்."

"அது ரயில்வேலண்ணே."

"கவருமெண்டுன்னா எல்லாம் ஒண்ணுதான்."

மறுநாள் ஆபீஸிலேயே ஒரு கடிதம் டைப் அடித்துத் தபாலில் போட்டுவிட்டு வந்தார். தங்கை சார்பாக ஜாயினிங் டைம் கேட்டு. வார்த்தை வார்த்தையாக எங்களுக்குச் சொல்லிக் காட்டினார். ரொம்ப மரியாதையான கடிதம். அதற்கு அவர் பதிலை எதிர்பார்க்கவில்லை. ரூல் இருக்கும்போது பதில் எதற்கு என்பது அவர் எண்ணம்.

திதி ஜன்னலில் அந்த இரண்டு துண்டுப் பேச்சைச் சொன்னது அப்போதுதான். நான் அதை அப்படியே அவரிடம் கொண்டுபோய்ச் சொன்னேன்.

"அவங்களுக்கும் பட்சம் உண்டுல்லா? அவங்க தர்ப்பணம் பண்ணலியா?" என்று கேட்டார்.

உண்டுதான். ஆனால் அந்தப் பதினைந்து நாளில்தான் கல்கத்தா முழுக்கக் கடைத்தெருவில் நிற்கிறது! நாங்கள் விளக்குமாறு வாங்க யோசிக்கிற நாளில் அவர்கள் வீட்டுக்கு வீடு புதுப் புடவை, புதுச் சட்டை, குழந்தைக்கு ஷூ என்று கட்டுக் கட்டாகச் சுமந்து பஸ்ஸில் ஏறுகிறார்கள். தெரு மூலையெல்லாம் மூங்கில் நட்டுப் பந்தல் எழும்புகிறது. திதிகூட எனக்கு ஒரு புடவை வாங்கி வந்துவிட்டாள். பட்சம் முடியட்டும் என்று பிரிக்காமல் பீரோவில் வைத்தேன். "பௌதி, உங்க ஊர்ல செத்தவங்க ரொம்பக் கோபக்காரங்க போல" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பாப்பா சிரிக்கவில்லை. அவள் அந்த நாட்களில் சமையலறை வாசலில் உட்கார்ந்து ஆர்டரை எடுத்து எடுத்துப் பார்ப்பாள். மடித்து வைப்பாள்.

"நீயே அண்ணன்கிட்ட அழுத்திச் சொல்லேண்டி" என்றேன்.

"அப்பா திதிய வச்சிச் சொல்லுதாவ மைனி. அதுக்கு மேல நான் என்ன சொல்ல? போனா அப்பா வேண்டாம்னு போன மாதிரி. போகலேன்னா..."

அமாவாசை அன்று விடியற்காலையில் எல்லா வீட்டு ரேடியோவிலும் தேவி ஸ்தோத்திரம் கேட்டது. அவர் கங்கைப் படித்துறையில் எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு ஈர வேட்டியோடு வந்தார். முகம் தெளிவாக இருந்தது. மறுநாள் பாட்டிமை, அதாவது பிரதமை, அன்றைக்கும் வேண்டாம். அதற்கு மறுநாள் நானும் பாப்பாவும் கிளம்பினோம். திதி கொடுத்த புதுப் புடவையை அவளுக்குத்தான் கட்டிவிட்டேன்.

பஸ்ஸில் நிற்க இடம் இல்லை. இறங்கும்போது கண்டக்டர், "மெதுவா, லேடீஸ்! புதுப் புடவை லேடீஸ்!" என்று கத்தினான். பாப்பாவுக்கு முகம் மலர்ந்தது. அந்த முகத்தோடுதான் ஆராய்ச்சிக்கூடத்துப் படியேறினாள்.

ஆபீஸ் அறையில் பாதி நாற்காலி காலி. எல்லோரும் விடுமுறைக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருந்தார்கள். தலைமை கிளார்க் ஒரு வயசாளி, பாதி மேஜையைப் பூட்டியாகிவிட்டது. பாப்பா ஆர்டரை நீட்டினாள். அவர் அவளையும் ஆர்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீதானா அது! ஜாயினிங் டைம்!" என்றார். அடுத்த மேஜைக்காரரைத் திரும்பிப் பார்த்து, "வந்துட்டா பாருங்க, ரயில்வே!" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. வீட்டுக்குப் போகிற சந்தோஷத்தில் எதைப் பார்த்தாலும் வருகிற சிரிப்பு. எங்கள் வீட்டுக்காரர் டைப் அடித்த கடிதம் அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. மடிப்புக் கலையாமல் அழகாக வைத்திருந்தார்.

"அம்மா, மஹாலயா அமாவாசை வரைக்கும் பேராசிரியர் சார் காத்துப் பார்த்தார். பூஜைக்கு முன்னாடி எல்லார் பேரும் போட்டு உதவித்தொகை பில் மேலிடத்துக்குப் போகணும். போகலைன்னா அந்த இடமே போயிடும். அடுத்த பேர்ல இருந்த பையன் நேத்து வந்து சேர்ந்துட்டான்."

"சார் எங்கே?" என்று கேட்டேன்.

"ஊருக்குப் போயிட்டார். பூஜைக்கு அப்புறம் வாங்க."

"அப்புறம் வந்தா இடம் இருக்குமா?"

அவர் சாவிக்கொத்தைப் பையில் போட்டுக்கொண்டே, "பார்க்கலாம்" என்றார்.

திரும்பி வரும்போது பாப்பா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தோண்டிப் போட்ட ரோட்டுப் பக்கம் பஸ் நின்றுவிட்டது. யாரோ ஒரு பிள்ளை புது ஷூவைக் காலில் போடாமல் கையில் மாட்டிக்கொண்டு வந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அவர் ஆபீஸிலிருந்து சீக்கிரமே வந்து உட்கார்ந்திருந்தார். கேசரி கிண்டி வைக்கச் சொல்லிவிட்டுப் போனவர். விஷயத்தை நான்தான் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"ஜாயினிங் டைம் கேட்டு லெட்டர் போட்டிருக்கேம்லா? லெட்டர் கெடைச்சிருக்குன்னும் சொல்லுதே. பெறகு எப்படி வேற ஆளப் போட முடியும்?"

"கெடைச்சிருக்குண்ணே. கண்ணாடிக்கு அடியில பத்திரமா வச்சிருக்காவ" என்றாள் பாப்பா.

கேசரி அப்படியே இருந்தது. சாயங்காலம் கரண்ட் போயிற்று. வெளியே பந்தலில் தாக் மேளம் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருட்டில் நாங்கள் மூன்று பேரும் மூன்று மூலையில் உட்கார்ந்திருந்தோம்.

சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களை அடுக்கினேன். வருஷா வருஷம் பாப்பாவின் கெமிஸ்ட்ரி புத்தகம்தான் அடியில், கனமானது என்பதால். தேடினால் காணவில்லை. கேட்டேன்.

"அதை வைக்காண்டாம் மைனி. மத்த புத்தகத்தைத்தான் இன்னைக்கு ஒரு நாளு படிக்காம பூஜையில வைக்கோம். அது வருஷம் பூரா சும்மாத்தானே இருக்கப்போகுது."

அவர் சந்தனம் உரைத்துக்கொண்டிருந்தார். கை நின்றது. மறுபடி உரைக்க ஆரம்பித்தது. அந்த வருஷம் பூஜையில் அவர் மந்திரத்தை நடுவில் இரண்டு தடவை தவறவிட்டார். அவர் தவறவிட்டு நான் கேட்டதே இல்லை.

துர்க்கை போனாள். லட்சுமி பூஜை வந்தது. காளி பூஜை வந்தது. எங்கள் தீபாவளியும் அதோடு வந்து போயிற்று. ஒவ்வொன்று முடிந்ததும் பாப்பா போய்ப் பார்த்துவிட்டு வருவாள். சார் இன்னும் வரவில்லை என்பார்கள். கடைசியில் அவர் வந்துவிட்டார் என்று தெரிந்ததும் என் வீட்டுக்காரர் லீவு போட்டார். தங்கையோடு தானும் வருவதாகச் சொன்னார். "நீயும் வா. எனக்கு வங்காளி தடுமாறும்" என்று என்னையும் கூப்பிட்டார்.

பேராசிரியர் சின்ன உருவம். மேஜையில் தேநீர் ஆறிப்போய் இருந்தது. பாப்பாவைப் பார்த்ததும் எழுந்தேவிட்டார்.

"நீ இங்கேதான் இருக்கியா?" என்று கேட்டார். "நான் உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சுன்னு நினைச்சேன்."

"இல்லை சார்."

"பொண்ணுங்க வராம இருந்தா எனக்கு அதுதான் தோணும். ஒவ்வொரு வருஷமும் ஒண்ணு அப்படிப் போகும். உடம்பு சரியில்லையா?"

பாப்பா அண்ணனைப் பார்த்தாள். அவர் இங்கிலீஷில் ஆரம்பித்தார். எங்கள் குடும்ப வழக்கம், இறந்தவர்களுக்கான பதினைந்து நாள் என்று சுற்றி வளைத்துச் சொன்னார். நடுவில் விட்ட இடத்தை நான் வங்காளியில் நிரப்பினேன்.

"பித்ருபட்சம்" என்றார் பேராசிரியர். "எனக்கும் உண்டு. அமாவாசை அன்னைக்கு எங்க அப்பாவுக்குத் தர்ப்பணம் பண்ணிட்டுத்தான் இங்க வந்தேன். கையில எள்ளு ஒட்டிக்கிட்டிருந்தது. அந்தக் கையாலதான் உங்க தங்கச்சிக்காக பில்லை நிறுத்தி வைக்கச் சொன்னேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. தாழ்ந்த குரலில்தான் சொன்னார். என் வீட்டுக்காரர் தலையை நிமிர்த்தவில்லை.

பேராசிரியர் பாப்பா பக்கம் திரும்பி, "இப்போ என்கிட்ட இடம் இல்லை, பணம் இல்லை. ஒரு ஸ்டூல் இருக்கு. வேணும்னா தினமும் வந்து உட்காரு. குடுவை கழுவு. பக்கத்துல இருந்து பாரு. யாராவது நடுவுல விட்டுட்டுப் போனா அந்த இடத்துல உன் பேரை எழுதறேன். யாரும் போகலைன்னா எழுத முடியாது" என்றார்.

"இதுக்கு ஆர்டர் குடுப்பீங்களா சார்?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"ஸ்டூலுக்கு ஆர்டரா?"

வெளியே வந்ததும் அவர் படியிலேயே நின்றுவிட்டார். "ஆர்டர் இல்லாம தெனமும் ஒரு இடத்துல போய் உக்காந்தா அதுக்குப் பேரு என்ன பாப்பா?"

"நாளைக்குத்தான் தெரியும்ணே" என்றாள் அவள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. அஷ்டமி வேறு. பாப்பா காலையில் தலைவாரிக்கொண்டு டிபன் டப்பாவைத் தானே எடுத்து வைத்துக்கொண்டாள். நாள் நன்றாக இருக்கிறதா என்று யாரிடமும் கேட்கவில்லை. அவர் நாள்காட்டிப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். குடையை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

அவள் இடத்துக்கு வந்த பையன் ஹௌராவிலிருந்து வருகிறவனாம். நல்ல பையனாம். "உங்க இடத்துலதான் நான் உக்காந்திருக்கேன்னு சொன்னாங்க, என்ன பண்றதுன்னு தெரியலை" என்று முதல் நாளே சொல்லிவிட்டு, தன் குறிப்புகளையெல்லாம் அவளுக்குப் படிக்கக் கொடுத்தானாம். "திட்டலாம்னு போனேன் மைனி. அதுக்கும் வழி இல்லாமப் பண்ணிட்டான்" என்றாள். அவள் விரல் நுனியெல்லாம் அமிலம் பட்டுத் தோல் உரிந்து வந்தது. தேங்காய் எண்ணெய் தடவிவிடுவேன்.

தை பிறந்தது. சொன்ன சொல் தவறாமல் சித்தப்பா வந்து இறங்கினார். கருப்பட்டி, முறுக்கு, ஒரு பையன் ஜாதகம். பையன் தூத்துக்குடி. கூடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு விவரம் சொன்னார். நானும் பாப்பாவும் அடுக்களையில் இருந்தோம். அன்று ஞாயிற்றுக்கிழமை.

"சித்திரையில முடிச்சிரலாம்லே. அவங்களுக்குப் படிச்ச பிள்ளைதான் வேணுமாம். இவளும் படிச்சிட்டா. பொறவு என்ன?"

"இல்ல சித்தப்பா..."

"என்ன இல்ல? இடம் கெடச்சா பேசுதேன்னு எழுதினியே. கெடச்சுதா?"

பாப்பா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். சத்தம் நின்றது.

"கெடச்சிருக்கு" என்றார் என் வீட்டுக்காரர். "ஃபெலோஷிப். ரெண்டு வருஷம். நடுவுல விட்டுட்டு வரக் கூடாது."

"ஏலே, வாய்க்கு வந்ததச் சொல்லாத. ஆர்டர் வந்துட்டா?"

"வந்துட்டே."

"எங்க, காட்டு."

அவர் எழுந்து போகிற சத்தம் கேட்டது. பீரோ திறக்கிற சத்தம். நான் எட்டிப் பார்த்தேன். அந்த நீளக் கவரைத்தான் எடுத்து வந்தார். சித்தப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முத்திரையைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார், பாப்பாவின் பேரை விரல் வைத்துப் படித்தார். தேதியைப் பார்க்கத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அதில் என்ன தெரியும்?

"சரி" என்றார் கடைசியில். "கவருமெண்டு முத்திரை போட்டிருக்கான். நாம என்ன சொல்ல? ரெண்டு வருஷம்னா ரெண்டு வருஷம். அதுக்கு மேல ஒரு நாள் கெடையாது, ஆமா."

வாழ்நாள் பூராவும் ஆர்டரில் ஒரு கமா மாறினாலும் திருப்பி அனுப்புகிற மனுஷர், கவரை மடித்துக்கொண்டு உள்ளே வந்தார். எங்கள் பக்கம் பார்க்கவில்லை. நேரே பீரோவுக்குப் போனார்.

பாப்பா என் காதோடு சொன்னாள்: "மைனி, செத்துப்போன ஆர்டரக் காட்டிட்டு வாராவ அண்ணன்."

"உனக்காகத்தானே?"

"எனக்காகத்தான். இப்ப ரெண்டு வருஷத்தையும் நான் எங்கேயிருந்து கொண்டு வர?"

அழுவாள் என்று நினைத்தேன். மறுபடியும் தேங்காய் துருவ ஆரம்பித்தாள்.

சித்தப்பா ஊருக்குப் போனார். பாப்பா ஸ்டூலுக்குப் போனாள். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. அவள் சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். கேட்கக் கூடாது என்று தெரியும். அடுத்தவன் வீட்டுப் பிள்ளைக்கு ஏதாவது ஆனால்தான் தங்கைக்கு இடம் வரும் என்று அவருக்கும் தெரியும். இருந்தாலும் கேட்டுவிடுவார்.

"இன்னைக்கு யாரும் விட்டுட்டுப் போனாவளா பாப்பா?"

அவள் கால் கழுவிக்கொண்டே பதில் சொல்லுவாள்.

"இல்லண்ணே. எல்லாரும் நல்லாத்தான் இருக்காவ."